மூன்றாம் அறையில் மின்னிய விளக்கு

“என் பெட்டி மேல ஒரு தப்பும் இல்லீங்க டீச்சர்.”

செங்கோட்டுவேல் வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையிலிருந்த பெட்டியை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

டீச்சர் சால்டரிங் அயர்னை அதன் ஸ்டாண்டில் சாய்த்தார்.

“செருப்பு,” என்றார்.

போய்க் கழற்றிவிட்டு வந்தார். விட்ட இடத்திலேயே தொடங்கினார்.

“ஒரு தப்பும் இல்லீங்க.”

டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் அஃப்ரீன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. நாமக்கல் பரமத்தி சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் உட்கார்ந்து, சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதுகிறார்.

செங்கோட்டுவேலுக்கு ஐம்பத்தொன்று. கலர் டிவி ரிப்பேர் பார்த்த கை. நாற்பத்தைந்து வயதில் இந்த மாடியேறி, “எனக்கும் கத்துக்குடுங்க” என்று பிடிவாதமாக நின்றவர். அவர் டீச்சர் டீச்சர் என்று கூப்பிடப்போய், இப்போது கீழே ஜெராக்ஸ் கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கற்றுக்கொண்டதை வைத்து ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரிகளுக்கு, முட்டை அடை வைக்கும் அறையின் சூட்டைக் காக்கிற பெட்டி செய்யும் கம்பெனி. பெட்டிக்குள் ஓடுவது அவர் எழுதிய புரோகிராம்.

“என்ன ஆச்சு?” என்றார் டீச்சர்.

“ஹேச்சரியில மூணாம் ரூமு, இந்தப் பெட்டி இருந்த ரூமுதானுங்க. பதினெட்டாயிரம் முட்டை அவிஞ்சு போச்சுங்க.”

“எத்தனை நாள் முட்டை?”

“பதினாறு நாளுங்க. உள்ள எல்லாம் குஞ்சாத்தான் இருந்திருக்கும்.”

அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. உடனே ஏறிக்கொண்டது.

“அந்த ஷிப்டுல இருந்த அம்மா தூங்கிருச்சுங்க. மயிலாத்தாள்னு பேரு. மணிக்கு ஒருக்கா கதவுகிட்டப் போயி, என் பெட்டி டிஸ்பிளேவப் பாத்து, சூடு எத்தனைன்னு பேப்பர்ல எழுதோணும். ஹீட்டருல கோளாறு வந்தாக்கூட அதுலயே தெரிஞ்சிரும். அதுதான் வேலை. பகல் பன்னண்டுல இருந்து ஆறு வரி எழுதிருக்குது. ஆறும் 99.5 பாரன்ஹீட். அச்சடிச்ச மாதிரி.”

“அதனால?”

“என் பெட்டி அப்படி நிக்காதுங்க டீச்சர். ஒரு புள்ளி ஏறும், ஒரு புள்ளி இறங்கும். ஆறு வரியும் ஒரே நம்பர்னா, உக்காந்த எடத்துல எழுதுனதுதானே?”

“நல்ல சாட்சி,” என்றார் டீச்சர்.

செங்கோட்டுவேலுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீவினார். கம்பெனி முதலாளியே டைப் அடித்துக் கொடுத்த ரிப்போர்ட். கருவியில் எந்தக் குறையும் இல்லை என்று நான்கு வரி. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம்.

“ஒண்ணு நான் போட்டர்றேன். இன்னொண்ணு நீங்க. உங்க கையெழுத்துன்னா ஹேச்சரிக்காரங்க மறுபேச்சு பேச மாட்டாங்க. திங்கக்கிழமை குடுக்கோணும்.”

“போட்டா அந்தம்மாவுக்கு என்ன ஆகும்?”

“வேலை போகும்ங்க. தப்புப் பண்ணா போகத்தானே செய்யும்?”

டீச்சர் காகிதத்தைத் தொடவில்லை.

“அன்னிக்குப் பெட்டி சாகலையா?”

“சாகறதா? பச்சை லைட் மின்னிக்கிட்டே இருந்துச்சுங்க. ஹேச்சரி மேனேஜரே பாத்திருக்காரு.”

பெட்டியின் வயரைச் செருகிக் காட்டினார். பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது. நாடித்துடிப்புபோல் ஒரே சீராக இருந்தது.

டீச்சர் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்தார். விளக்கின்மேல் ஒட்டினார்.

“இப்ப உயிரோட இருக்கா?”

“இருக்குதுங்க.”

“எப்படித் தெரியும்?”

“லைட் மின்னுதுங்களே. டேப்புக்கு அடியில.”

“லைட்டை மின்ன வெக்கிறது யாரு?”

“என் புரோகிராம்தானுங்க.”

“அதுக்குள்ள எந்த ஆளு?”

“புரோகிராமுக்குள்ள ஆளு ஏதுங்க!”

டீச்சர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

“முன்னாடி இந்தப் பெட்டி தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னு சொன்னீங்களே.”

“அது பழைய கதைங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை ஆச்சு. நாய்க்குச் சோறு போடற எடத்தை மாத்துனேன். ஆறு மாசமா ஒரு கம்ப்ளெயின்ட் கெடையாது. முதலாளி ஆயுத பூஜையில எனக்குப் பொன்னாடை போத்துனாருங்க.”

இந்த நாயைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த மாதிரிச் சிப்புகளுக்குள் ஒரு காவல் நாய் உண்டு. வாட்ச்டாக் என்பார்கள். புரோகிராம் ஒரு வீட்டுக்காரன் மாதிரி. சென்சாரிடம் சூடு எத்தனை என்று கேட்பான். ஹீட்டரைப் போடுவதா அணைப்பதா என்று முடிவு செய்வான். டிஸ்பிளேயில் எண்ணை எழுதுவான். சுற்று முடிந்ததும் நாய்க்கு ஒரு பிடி சோறு போடுவான். மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். இரண்டு செகண்டாகச் சோறு வரவில்லையென்றால், வீட்டுக்காரன் எங்கேயோ விழுந்துவிட்டான் என்று நாய்க்குத் தெரிந்துவிடும். மொத்தப் பெட்டியையும் அணைத்து, புதிதாக எழுப்பிவிடும்.

சிப்புக்குள் ஒரு மணியும் உண்டு. வீட்டுக்காரன் எந்தக் கதியில் கிடந்தாலும் மணி தன் நேரத்துக்கு அடிக்கும். அடித்ததும் ஒரு மணிக்காரன் ஓடிவந்து, சொன்ன சில்லறை வேலையைச் செய்துவிட்டுப் போய்விடுவான். பச்சை விளக்கை மின்ன வைப்பவன் அவன்தான். பெட்டி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகித் தொல்லை கொடுத்ததும், செங்கோட்டுவேல் நாய்ச்சோற்றையும் மணிக்காரன் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து தொல்லை இல்லை. தோளில் பொன்னாடையும் விழுந்தது.

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“அன்னிக்கு உங்களை யாராவது போன்ல கூப்பிட்டாங்களாண்ணா?”

“இல்லீங்களே.”

கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டார். பெட்டியின் மூடியில் ஒட்டியிருப்பது அவருடைய செல் நம்பர். அன்று மதியம் இரண்டேகாலுக்கு ஒரு போன் வந்தது உண்மைதான். அரை நிமிடப் பேச்சு. அதைப் போய் பெரிதுபடுத்துவானேன் என்று அவரே ஒதுக்கிவிட்டார்.

டீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை.

“ஒரு ஷிப்டு அங்க போய் எழுதிட்டு வாங்க.”

“நானா?”

“பன்னண்டுல இருந்து ஆறு வரைக்கும்.”

“லேப்டாப் எடுத்துட்டுப் போகட்டுங்களா?”

“பேனா போதும்.”

செங்கோட்டுவேலுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது.

“உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சா சொல்லிப்போடுங்களேன் டீச்சர்! எதுக்கு என்னை இழுத்தடிக்கிறீங்க?”

“சொன்னா இந்தப் பெட்டி மட்டும் சரியாகும்.”

சால்டரிங் அயர்ன் மறுபடி டீச்சர் கைக்குப் போய்விட்டது. புகை எழுந்தது.

செங்கோட்டுவேல் படியிறங்கும்போது வாய்க்குள் திட்டிக்கொண்டே போனார். டிவியின் மண்டையில் ஒரு தட்டு தட்டியே என்ன கோளாறு என்று சொன்னவனாம். அவனைப் போய் முட்டைக்குக் காவல் உட்காரச் சொல்கிறாராம். போகமாட்டேன் என்று கடைசிப் படியில் முடிவு செய்தார்.

மறுநாள் பதினொன்றரைக்கு ஹேச்சரி கேட்டில் நின்றார்.

*

கேட்டுக்கு வெளியே, சுவரோரம், ஒரு தீவனச் சாக்கை மடித்துப் போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் டிபன் கேரியர். வெயில் காலடிக்கு வந்துவிட்டது. அவர் நகர்வதாக இல்லை.

யாரென்று கேட்காமலே செங்கோட்டுவேலுக்குத் தெரிந்தது. செல்லில் ஏதோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

ஹேச்சரிக்குள் நினைத்தபடியெல்லாம் நுழைய முடியாது. குளிக்க வேண்டும். அவர்கள் தரும் உடையைப் போட வேண்டும். மருந்துத் தண்ணீரில் காலை முக்க வேண்டும். எல்லாம் செய்து, ஈரக் காற்றும் முட்டை வாசனையுமாக இருந்த நடைபாதைக்கு வந்தார். வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் அவர் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் பச்சை விளக்கு. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

புது முட்டையும் வேறு பெட்டியும் வைத்திருந்த மூன்றாம் அறையை அவருக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டுக்கு 99.4 என்று எழுதினார்.

திரும்பிப் பார்த்தால், நடைபாதை முனையில் சுப்பராயன் என்ற ஷிப்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்ற அறைகளுக்கு அவர்தான் பொறுப்பு. கதவுகளில் தொங்க வேண்டிய காகிதங்களையெல்லாம் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார்.

செங்கோட்டுவேல் எட்டிப் பார்த்தார்.

“ஏப்பா, மணி இன்னும் பன்னண்டரைகூட ஆகல. ஆறு மணி வரைக்கும் எழுதிட்டயா?”

“ஆமாங்க.” சுப்பராயன் மறைக்கவெல்லாம் இல்லை.

“99.4, 99.6, 99.5… இதெல்லாம் எதைப் பாத்து எழுதறே?”

“மாத்தி மாத்திப் போட்டாத்தானுங்க நம்புவாங்க. ஒரே நம்பரா எழுதுனா மயிலாத்தாக்கா கதிதான்.”

ஏதோ ஒன்று செங்கோட்டுவேலை லேசாகக் குத்தியது. என்னவென்று பார்க்கவிடாமல் கோபம் முந்திக்கொண்டது.

“வெக்கமா இல்ல? கதவுகிட்டப் போயிப் பாக்காம எல்லாம் நல்லாருக்குன்னு எழுதறயே! ரூமுக்குள்ள அத்தனையும் செத்துக் கெடந்தாலும் உன் பேப்பரு நல்லாருக்குன்னுதானே சொல்லும்?”

சுப்பராயன் பேனாவை மூடினார். சின்னச் சிரிப்பு.

“பேப்பரு கேக்கறது மணிக்கு ஒரு வரிங்க. ரூமு எப்படி இருக்குதுன்னு அது கேக்கலீங்களே? மணி அடிச்சா வரி இருக்கோணும். இருக்குதுங்க.”

செங்கோட்டுவேல் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

மணி அடித்தால் வரி இருக்க வேண்டும். இருக்கிறது.

மெதுவாகத் திரும்பிக் கதவைப் பார்த்தார். பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. தன் கையால் செய்த பொருளைப் பார்த்து அவர் பயந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போனார். எண்ணைப் பார்த்தார். கூடவே உள்ளங்கையைக் கதவில் வைத்துப் பார்த்தார். கதவு வெதுவெதுவென்று இருந்தது. இரண்டேகாலுக்கு, எழுத ஒன்றும் இல்லாதபோதும் ஒருமுறை போய் வைத்துப் பார்த்தார்.

ஆறு மணிக்கு அவர் வெளியே வந்தபோது, மயிலாத்தாள் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

“தெனமும் வர்றீங்களா?” என்று கேட்டார் செங்கோட்டுவேல்.

“வேலை இல்லேன்னு யாரும் சொல்லல. உள்ள வான்னும் சொல்லல. என் ஷிப்டு பன்னண்டுல இருந்து ஆறு. வர்றேன், உக்காந்துட்டுப் போறேன். நான் பண்ண தப்பு என்னன்னு எம் மூஞ்சியப் பாத்து ஒருத்தரு சொல்லட்டும். அது வரைக்கும் வருவேன்.”

பேசியவர் நிறுத்தினார். முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இந்தக் கொரலு… நீங்கதானுங்களா அந்தப் போனுக்காரரு?”

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செங்கோட்டுவேல் அதை விழுங்கினார்.

“ஆமாங்க.”

“கதவு சுடுதுங்கன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“பச்ச வெளக்கு மின்னுதான்னு கேட்டீங்க. மின்னுதுன்னேன். டிஸ்பிளேவுல என்னன்னு கேட்டீங்க. 99.5-ன்னேன். அப்ப ஒண்ணுமில்ல, போனை வைங்கன்னு சொல்லிட்டீங்க.”

“ஆமாங்க.”

“எங் கை பொய் சொல்லலீங்க. உங்க வெளக்குதான் பொய் சொல்லுச்சு. நீங்க வெளக்கத்தான் நம்புனீங்க.”

செங்கோட்டுவேலுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கதவு சுட்டுச்சுன்னு தெரிஞ்சும், ஆறு வரியும் 99.5-ன்னு ஏன் எழுதுனீங்க?”

“அதுதானுங்க காட்டுச்சு. காட்டாத நம்பரை எழுதச் சொல்றீங்களா? மாத்தி மாத்தி எழுத எனக்குத் தெரியாதா? நானும் எட்டாவது படிச்சவதான்.”

டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

*

மறுநாள் காலை டீச்சர் கதவைத் திறப்பதற்குள் செங்கோட்டுவேல் மாடிப்படியில் இருந்தார். செருப்பைக் கீழேயே கழற்றியிருந்தார்.

பெட்டியை மேஜையில் வைத்து, ஹீட்டருக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் பக்கத்தில் சென்சாரை வைத்தார். டிஸ்பிளே 99.5 காட்டிய நேரம், பல்பு எரிந்துகொண்டிருந்தபோது, சென்சார் வயரைப் பிடுங்கினார்.

பல்பு எரிந்தது. எண் 99.5-லேயே நின்றது. டேப்பை உரித்தார். பச்சை விளக்கு ஒரே சீராக மின்னியது.

ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். டீச்சர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார். பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“செத்துப் போச்சுங்க டீச்சர்.”

“லைட் மின்னுதே.”

“அது மணிக்காரனுங்க.” விளக்கைத் தொட்டுக் காட்டினார். “வீட்டுக்காரன் உள்ள செத்துக் கெடக்கறான். சென்சாருகிட்ட சூடு எத்தனைன்னு கேட்டுட்டு, பதிலு வரும் வரும்னு நின்ன எடத்துலயே போயிட்டான். மணிக்காரன் வாசல்ல நின்னுட்டு வெளக்க ஆட்டிக்கிட்டு, நாய்க்கும் சோறு போட்டுட்டு இருக்கறான். நாய்க்கு எப்படித் தெரியும்?”

வயரை மறுபடி செருகினார். எண் அசைந்தது. 104.2 ஆயிற்று. பல்பு அணைந்தது. எதுவுமே நடக்காததுபோல் பெட்டி வேலை செய்தது.

“பாத்தீங்களா? அந்த ரூமுல ஈரம். சென்சார் வயரு சொருகற பின்னுல களிம்பு புடிச்சிருக்குது. அரை நிமிசம் பேசாது, அப்பறம் தானா பேசும். ஆறு மாசமா இது செத்துச் செத்துப் பொழைச்சிருக்குது. ஒருத்தருக்கும் தெரியல. அன்னிக்கு ஒரே நாளு, அது பேசவே இல்ல.”

நாய்ச்சோற்றை மணிக்காரன் கையிலிருந்து பிடுங்கி, பழையபடி சுற்றின் கடைசியில் வைத்தார். வயரை இழுத்தார். இரண்டு செகண்டு. பெட்டி அணைந்து எழுந்தது. பல்பு அணைந்தது. மறுபடி இரண்டு செகண்டு. மறுபடி எழுந்தது.

“இப்பப் பாருங்க டீச்சர்! நாய் குலைக்குது!”

“ஆறு மாசத்துக்கு முன்னாடியும் குலைச்சதுண்ணா. வாரத்துக்கு ரெண்டு தடவை.”

செங்கோட்டுவேல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வீட்டுக்காரன் விழுகிறான் விழுகிறான் என்று அது தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. அவர் ஓடிப்போய் அதன் வாயில் சோற்றை அடைத்திருக்கிறார். அதற்கு ஒரு பொன்னாடை.

அன்று மாலைவரை எழாமல் புரோகிராமைத் திருத்தி எழுதினார். சென்சாரிடம் மூன்று தடவைதான் கேட்பது. பதில் இல்லையென்றால் ஹீட்டரை அணைத்துவிட்டுச் சைரனை அலறவிடுவது. விளக்கும் இனி வீட்டுக்காரன் கையில். ஒரு முழுச் சுற்று முடிந்தால்தான் ஒரு மின்னல்.

கடைசியில் பையிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்தார். அதற்குள் பழைய தெர்மோஸ்டாட். சூடு எல்லை மீறினால், யாரையும் கேட்காமல் ஹீட்டர் கரண்டைத் துண்டிக்கிற அந்தக் காலத்து உலோகத் துண்டு. என் பெட்டி இருக்கும்போது இது எதற்கு என்று அவரே மூன்றாம் அறையிலிருந்து கழற்றி எடுத்தது. அதை ஹீட்டர் வயரில் தன் கையாலேயே திரும்ப மாட்டினார்.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீ சொல்லட்டுமா?” என்றார். இரண்டு நாளில் முதல்முறையாக.

டீ வருவதற்குள் முதலாளியின் போன் வந்துவிட்டது. செங்கோட்டுவேல் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார்.

“சரி பண்ணிட்டயா? நெம்ப சந்தோசம் வேலு,” என்றார் முதலாளி. “அடுத்த பேட்ச்ல சத்தமில்லாம மாத்திக்கலாம். ரிப்போர்ட்டை அப்படியே குடு.”

“அந்தம்மா மேல தப்பில்லீங்களே.”

“வெளிய நூத்தி நாப்பது பெட்டி ஓடுது. தப்பு நம்முதுன்னு எழுதுனா நூத்தி நாப்பதும் திரும்பி வரும். கம்பெனி தாங்குமா? அந்தம்மாவுக்கு வேற எங்கயாவது சொல்லி விடலாம்.”

“அந்த நூத்தி நாப்பதும் இன்னிக்கு ஓடிட்டு இருக்குதுங்களே…”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

செங்கோட்டுவேல் ரிப்போர்ட்டை மேஜையில் விரித்தார். இரண்டு கையெழுத்து இடங்களும் காலியாக இருந்தன.

“என்ன பண்ணட்டும் டீச்சர்?”

டீச்சர் கையை நீட்டி, அவர் சட்டைப் பையில் மடித்திருந்த வேறொரு காகிதத்தை எடுத்தார். ஹேச்சரியில் அவர் எழுதியது. 99.4, 99.6, 99.5, 99.5, 99.4, 99.6.

“இதை எதைப் பாத்து எழுதினீங்க?”

“டிஸ்பிளேவப் பாத்துங்க. கதவுலயும் கைய வெச்சுப் பாத்தேன்.”

“அப்ப உங்களுக்கு எழுதத் தெரியுது,” என்றார் டீச்சர்.

*

திங்கட்கிழமை டீச்சர் ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் செங்கோட்டுவேல் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

கேட்டோரம் மயிலாத்தாள் சாக்கில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தச் சாக்கிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க வரலீங்களா?” என்றார் செங்கோட்டுவேல்.

“இங்க நல்லாத்தான் இருக்கு.”

அவர் தனியாக உள்ளே போனார்.

அறையில் முதலாளியும் ஹேச்சரி மேனேஜரும் இருந்தார்கள். முதலாளி சிரித்த முகமாக, வா வேலு என்றார். மேனேஜர் மூன்றாம் அறைக் காகிதத்தை மேஜை நடுவில் வைத்தார்.

“ஆறு மணி நேரம். ஆறு வரி. ஒரே நம்பர். இதை எழுதின ஆளு ரூம் பக்கமே போகல. நீங்க என்ன சொல்றீங்க?”

“சரிதானுங்க,” என்றார் செங்கோட்டுவேல்.

முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“ரூமுக்குள்ள சூடு எத்தனைன்னு பாக்கவே இல்லீங்க. உள்ள செத்துக் கெடக்கறது தெரியாம, நல்லாருக்கு நல்லாருக்குன்னு ஆறு மணி நேரம் காட்டியிருக்குது. பச்சைப் பொய்யுங்க.”

“அப்ப அந்தம்மாவை—”

“அந்தம்மா என்னங்க பண்ணுச்சு? கதவுல இருந்தத அப்படியே பாத்து எழுதுச்சு. அந்த ஆறு வரியும் நான் எழுதுனதுங்க.”

யாரும் பேசுவதற்கு முன் பெட்டியைப் பல்போடு மேஜைமேல் வைத்துக் கரண்டில் செருகினார். பழைய புரோகிராமையே போட்டு எடுத்து வந்திருந்தார். சென்சார் வயரைப் பிடுங்கி மேனேஜர் கையில் கொடுத்தார்.

பல்பு எரிந்தது. எண் நின்றது. பச்சை விளக்கு மின்னியது. மேனேஜர் கையிலிருந்த வயரையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அன்னிக்கு ரெண்டேகாலுக்கு அந்தம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. கதவு சுடுதுன்னு சொல்லுச்சு. ஒண்ணுமில்ல, வைங்கன்னு சொன்னது நான்தானுங்க. இதுவும் எழுதியிருக்கறேன்.”

கையால் எழுதிய இரண்டு பக்கத்தை மேனேஜர் முன்னால் வைத்தார். கீழே அவர் கையெழுத்து. அதற்குக் கீழே டீச்சர் கையெழுத்து.

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

“வேலு, நீ யாரு போடற சோத்தைத் திங்கறே?”

“நீங்க போடறதுதானுங்க. ஆறு மாசமா தின்னுட்டுக் கம்முனு இருந்தேன். நாயும் இருந்துச்சு.”

“எந்திரிச்சுப் போ. நாளையில இருந்து கம்பெனிக்குள்ள காலை வைக்காதே.”

“வைக்கலீங்க. ஆனா நூத்தி நாப்பது பெட்டியும் திரும்பி வந்தாகோணும்.”

“யாரு வர வைக்கறதாம்?”

செங்கோட்டுவேல் எழுந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நேராகக் கேட்டை நோக்கி நடந்தார்.

பின்னாலேயே செக்யூரிட்டி ஓடி வந்தார். “மயிலாத்தாக்கா, மேனேஜரு உள்ள வரச் சொல்றாரு.”

மயிலாத்தாள் எழுந்தார். சேலையை உதறினார். டிபன் கேரியரை எடுத்தார். செங்கோட்டுவேலின் முகத்தைப் பார்த்து நின்றார்.

“உங்களுக்கு என்ன ஆச்சுங்க?”

அவர் குனிந்து, தீவனச் சாக்கைத் தூசி தட்டி, நாலாக மடித்தார்.

“இது இனி உங்களுக்கு வேண்டாமுங்களே?”

“வேண்டாங்க. எதுக்கு?”

“எங்க கம்பெனி கேட்டுல நெழலு கெடையாதுங்க. கீழ நெம்ப சுடும். நாளைக்கு எனக்கு வேணும்.”